சங்கு ஊதிய ஊர்

பெங்களூரு கப்பன் பூங்காவை ஒட்டி லாவெல் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. இன்று அங்கே பெரிய ஓட்டல்களும் விலையுயர்ந்த குடியிருப்புகளுமாக இருக்கின்றன. அந்தப் பெயருக்கு உரியவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு நடந்த போரில் இருந்துவிட்டு பெங்களூர் கண்டோன்மென்டில் வந்து தங்கிய பழைய சிப்பாய். 1804-ல் வெளியான ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. கோலார்ப் பக்கத்துக் கிராமத்து மக்கள் மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்பதை ஜான் வாரன் என்ற அதிகாரி நேரில் பார்த்து எழுதியது அது. 1871-ல் லாவெல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். 1873-ல் மைசூர் அரசிடம் உரிமை கேட்டார். 1875-ல் உரிகத்தில் தோண்டத் தொடங்கினார். கையிலிருந்த பணம் போதவில்லை. உரிமை கைமாறி, 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் ஊர், கோலார் தங்கவயல்.

லாவெலின் பிறந்த நாட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வரும். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து அயர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள்; இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்கள் கூட பாஸ்டனிலும் சிட்னியிலும் உட்கார்ந்துகொண்டு அந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஓயாத மழையையும், அடுப்பில் எரிகிற கரிமண்ணின் வாசத்தையும், கதவைத் தட்டாமல் உள்ளே வந்து தேநீருக்கு உட்காரும் பக்கத்து வீட்டுக்காரரையும் நினைத்து ஏங்குகிறார்கள். வறுமை துரத்தின ஊரை ஏன் இப்படி நேசிக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்கலாம். தங்கவயல்காரர்கள் கேட்க மாட்டார்கள்.

எங்கள் முன்னோரையும் பஞ்சம்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை வட ஆற்காட்டில் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பஞ்சம் ஓய்ந்து இரண்டே ஆண்டில் டெய்லர் கம்பெனி ஆள் தேட ஆரம்பித்தது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் ஊருக்கு வெளியே சேரியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்கள். நிலம் இல்லாதவர்கள், இருந்த கூலியும் பஞ்சத்தில் போனவர்கள். கூலி காசாகக் கையில் வரும், பண்ணையாரின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது அவர்களுக்குத் தங்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பாறைக்குள் இறங்கினால் உயிர் போகலாம் என்று தெரிந்தும் வந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தங்கவயலுக்குக் குடிதண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அது பாலாற்றின் தண்ணீர். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு பேத்தமங்கலத்தைத் தாண்டி, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறது. எங்கள் முன்னோர் கரையில் பட்டினி கிடந்த அதே ஆற்றின் மேல்பகுதிக்கு வந்து, அதே தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடித்தார்கள். ஊர் மாறினாலும் ஆறு மாறவில்லை.

நான் பிறந்தது தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸில், ஒரு லைன் வீட்டில். லைன் என்றால் வரிசை வரிசையாகக் கம்பெனி கட்டிக்கொடுத்த தொழிலாளர் வீடுகள். ஆதியில் மூங்கில் தட்டியும் மண்பூச்சும், பிறகு தகரக் கூரையும் செங்கல்லும். ஓர் அறை, முன்னால் சின்னத் திண்ணை, பின்னால் அடுப்படி. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் எங்களுக்குக் களி கிண்டத் தோன்றும். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் சமாதானம் அங்கிருந்து வரும். மாமா, பெரியம்மா, அண்ணி, ஆயா என்று கூப்பிட்டவர்களில் ரத்த உறவு எத்தனை பேர் என்று பெரியவனான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பத்து பேர் இருக்கும் வீட்டில் பதினோராவதாக யாராவது ஒரு பையன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கும் பழக்கம் அங்கே இல்லை.

ஊர் முழுவதற்கும் சுரங்கத்துச் சங்குதான் கடிகாரம். ஷிப்ட் தொடங்கும்போது ஊதும், முடியும்போது ஊதும். அதைக் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பார், நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவோம், கிழவர்கள் டீக்கடைக்கு நடப்பார்கள். வேலை முடிந்து, ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழியில் கேஜ் என்ற கூண்டில் ஏறி வந்த ஆண்கள் சாம்பல் படிந்த முகத்தோடு கூட்டமாகத் தெருவில் வருவார்கள். "உங்கப்பா மேல வந்துட்டாராடா?" என்று எதிரில் வரும் யாராவது ஒரு பெரியம்மா கேட்பார். எங்கள் ஊரில் நலம் விசாரிப்பதே அதுதான்.

நேரம் தப்பிச் சங்கு கேட்டால் பெண்கள் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்று இன்ஜினீயர்கள் சொல்வார்கள். மேலே லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் கடகடக்கும், விளக்கு ஆடும். அந்த ஒரு நொடியில் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். கீழே யார் ஷிப்ட் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிக்கொள்வார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், எங்கள் அப்பாக்கள் கடல் மட்டத்துக்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கீழே போய் வேலை செய்தார்கள். அங்கே பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்காற்றை மேலிருந்து எந்திரம் வைத்து அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும்.

அந்த ஆழத்தை வைத்து ஒரு பெரிய காரியமும் நடந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற துகளின் தடத்தை 1965-ல் அங்கே பதிவு செய்தார்கள். உலகத்திலேயே அதை முதலில் கண்டவர்களில் அவர்களும் உண்டு. அந்தக் கருவிகள் இறங்கிய பாதையைக் குடைந்து வைத்தவர்கள் எங்கள் லைன்காரர்கள். இயற்பியல் புத்தகங்களில் கோலார் என்ற பெயரைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் முகம்தான் தெரியும்.

தங்கவயலை வெளியார் 'குட்டி இங்கிலாந்து' என்று சொல்வார்கள். அதில் பொய் இல்லை. பங்களாக்கள், தோட்டங்கள், கிளப், கோல்ஃப் மைதானம், பெங்களூருக்கே இல்லாத மின்சாரம். காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் 1902-ல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாக நேரே சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூர் மூன்று ஆண்டு கழித்து, 1905-ல்தான் அதைப் பார்த்தது. ஆனால் அந்த வெளிச்சம் சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும் போனதுபோல லைன் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். 'குட்டி இங்கிலாந்து' என்று பெருமையாகச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் எப்போதும் நினைப்பேன்.

அந்த இங்கிலாந்தும் இந்தத் தமிழ்ச் சேரியும் நடுவில் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் உலகம். டிசம்பர் வந்தால் தங்கவயலின் குளிரே தனி. பனிமூட்டத்தில் சர்ச் மணி கேட்கும், வீட்டுக்கு வீடு கேக் வேகும், இரவில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். அவர்கள் வீட்டு மஞ்சள் சோறும் உருண்டைக் குழம்பும் எங்கள் வீட்டு ரசமும் கைமாறும். அந்தக் குடும்பங்களில் பலர் பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் ஆங்கிலோ-இந்தியச் சமையலைப் பற்றி எழுதிய புத்தகங்களும் தங்கவயல் நினைவுகளைச் சொல்லும் புத்தகமும் இன்று அவர்களுக்குப் பெரிய ஆறுதல். பெர்த்தில் இருக்கும் ஒருவருக்கும் ஆம்பூரில் இருக்கும் ஒருவருக்கும் ஒரே ஊர் மீது ஏக்கம் இருக்கிறது. ஒருவர் கிளப்பின் நடனத்தை நினைக்கிறார், மற்றவர் திண்ணையில் விடிய விடியக் கேட்ட தெருக்கூத்தை நினைக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்ததும், வெளியே அதிகம் பேசப்படாததும் வேறு ஒன்று. அந்த ஊரின் வாசிப்பு. பௌத்தம் தழுவிய சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது, அதற்குத் தோள்கொடுத்த ஊர்களில் எங்கள் ஊர் முன்னால் நின்றது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பௌத்த சங்கங்கள் இருந்தன. பகலில் பாறையுடைத்தவர்கள் மாலையில் குளித்துவிட்டு வந்து, எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். வாசித்ததைப் பற்றி வாதாடினார்கள். பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு, 1926-ல் 'தமிழன்' இதழை மறுபடியும் தங்கவயலிலிருந்து நடத்தினார் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கேயே மறுபதிப்புச் செய்து காப்பாற்றியது. இன்று அயோத்திதாசர் ஆய்வு என்று பல்கலைக்கழகங்களில் நடக்கும் வேலைக்கு அடிப்படையாக இருந்தது, சுரங்கத் தொழிலாளர் சம்பளத்தில் ஒதுக்கிய காசு. சாதி சொல்லி வெளியே நிறுத்தப்பட்டவர்கள், தாங்கள் யார் என்ற கேள்விக்குத் தாங்களே பதில் தேடிக்கொண்ட ஊர் அது. தங்கவயல் வெட்டி எடுத்ததில் விலைமதிப்பு மிகுந்தது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த வாசிப்பு சும்மா இருக்கவில்லை. 1930-ல் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். அந்தத் தேதியில் இன்றும் அங்கே அஞ்சலி நடக்கிறது. கம்யூனிஸ்டுகளையும் ரிபப்ளிகன் கட்சியையும் அண்ணா தி.மு.க.வையும் சட்டமன்றத்துக்கு அனுப்பிய கர்நாடகத் தொகுதி அது. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாளும் புத்த பூர்ணிமாவும் அங்கே தெருத் திருவிழாக்கள். ராபர்ட்சன்பேட்டையில் வேங்கடரமண சுவாமி கோயில் பூப்பல்லக்கு புறப்படும் இரவில் ஊர் தூங்காது. கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் எல்லாம் கலந்து பேசினோம். வீட்டுக்குள் தமிழ். பெங்களூரிலிருந்து வந்த உறவினர்கள் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பேச்சை இன்று யாராவது ரயிலில் பேசினால் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

சயனைடு மேடுகளைச் சொல்லாமல் விட முடியாது. பாறையை அரைத்து, சயனைடில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு ஆண்டுக்கு மேல் கொட்டிக் கொட்டி அவை மலையாகிவிட்டன. எங்களுக்கு அவை விளையாட்டு மைதானம். உச்சியில் ஏறி அட்டையில் உட்கார்ந்து சறுக்குவோம். சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்க வந்தால் பள்ளிக்கூடமே காலி. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் சோற்றிலும் துணியிலும் படியும். பெரியவர்களின் நெஞ்சில் படிந்தது கீழே சுரங்கத்தில் பறந்த பாறைத் தூள். இந்தியாவில் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் முதன்முதலில் பதிவானது கோலார்த் தங்கச் சுரங்கத்தில்தான், 1947-ல். லைனில் இரவு நேரங்களில் இருமல் சத்தம் கேட்காத வரிசை கிடையாது. ஊரை நேசிக்கிறேன் என்று சொல்லும்போது இந்த இருமலையும் மறக்காமல்தான் சொல்கிறேன். 120 ஆண்டில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போனது. எங்கள் அம்மாக்களின் கழுத்தில் பெரும்பாலும் மஞ்சள் கயிறுதான் இருந்தது.

1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசிடம் வந்தன, 1962-ல் மத்திய அரசிடம் போயின, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆயின. ஆழம் கூடக் கூடத் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு எல்லாம் மூடப்பட்டன. சங்கு நின்றது. அதற்குப் பிறகு பல மாதம் ஊரில் கிழவர்கள் ஷிப்ட் நேரத்துக்குத் தாமாகவே விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

1894-ல் சுரங்கத்துக்காகப் போட்ட ரயில் பாதை இப்போது ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருட்டோடு கூட்டம் ஏறும். பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போய், கட்டட வேலை, கடை, கம்பெனி, மருத்துவமனை என்று பிரிந்து, இரவில் அதே பெட்டியில் திரும்பும். ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை இது. பெங்களூரில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கிவிடலாமே என்று கேட்டால், "பையன் லைன்ல வளரட்டும்" என்று பதில் சொன்ன தகப்பன்களை எனக்குத் தெரியும். ரயிலிலேயே சீட்டுப் பிடித்து வைப்பது, டிபனைப் பங்கு போடுவது, வராதவருக்கு போன் போட்டு என்ன ஆச்சு என்று கேட்பது எல்லாம் நடக்கும். லைன் பெட்டிக்குள் தொடர்கிறது.

நானும் பெங்களூரில்தான் இருக்கிறேன். என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. வசதி எல்லாம் இருக்கிறது, குழந்தைகளுக்கு இருமல் இல்லை. அதற்காக நன்றியோடு இருக்கிறேன். ஆனாலும் யாராவது கேட்காமல் உள்ளே வந்து, அடுப்பு மேல் இருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்த்து, "என்ன அண்ணி, இன்னைக்கும் கொள்ளு ரசமா?" என்று கேட்க வேண்டும் போல இருக்கும். அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் சொல்வதும் இதைத்தான். அவர்கள் தேடுவது பச்சை மலையையோ கடலோரத்தையோ மட்டும் அல்ல, தங்களை விசாரிக்க ஆள் இருந்த ஒரு தெருவை.

தங்கவயலைப் பற்றி இப்போது உலகம் சினிமா மூலம் பேசுகிறது. 2018-ல் வந்த கன்னடப் படம் அந்தப் பெயரை இந்தியா முழுவதும் கொண்டுபோனது. 2024-ல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' நம் முன்னோர் பக்கம் நின்று அந்த மண்ணைப் பார்த்தது. நல்லதுதான். அதே 2024-ல், 13 சயனைடு மேடுகளை ஏலம் விட்டு அதில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆயிரம் ஏக்கர் பரப்பு. அது நடந்தால் நாங்கள் சறுக்கி விளையாடிய மேடுகளும் போய்விடும். அப்படிப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை; அங்கே இருப்பவர்களுக்கு வேலை வரட்டும், தூசி குறையட்டும், தலைமுறைகளாக வாழும் வீட்டுக்கு அவர்கள் பெயரில் பத்திரம் வரட்டும்.

நிறுவனத்தின் கணக்குகளும் அறிக்கைகளும் எத்தனை அவுன்ஸ் எடுத்தார்கள் என்று சொல்லும். லைனில் யார் வாசித்தார், யார் பாடினார், நேரம் தப்பிச் சங்கு ஊதிய இரவில் யார் யாரைக் கையைப் பிடித்து நிறுத்தினார் என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் இல்லை. அது இருப்பது எழுபதும் எண்பதும் கடந்த சிலரிடம் மட்டும்தான். உங்கள் குடும்பத்தில் தங்கவயலில் வேலை செய்தவர் யாராவது இருந்தால், இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எந்த ஷாஃப்ட், எந்த லைன், பக்கத்து வீட்டில் யார் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் வேலை அட்டையையும் சம்பளச் சீட்டையும் சங்கத்து ரசீதையும் பழைய 'தமிழன்' பிரதியையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.